துலாபாரத்துக் கடலை உருண்டை

அண்டாவின் மூடியைத் திறந்த கன்னிகா, மூடி பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

நேற்று விளிம்புக்கு மேலே கோபுரம் கட்டி நின்ற கடலை உருண்டைகள், இன்று விளிம்புக்குக் கீழே நாலு விரல்கடை இறங்கிக் கிடந்தன.

எலியா? எலி என்றால் கொறித்த தூள் இருக்கும். எறும்பா? எலுமிச்சம்பழப் பருமனில் இருக்கும் உருண்டைகளை முழுசாகக் கடத்த எறும்புகள் லாரிதான் பிடித்திருக்க வேண்டும். பூனைக்குக் கடலை ஆகாது. மிச்சம் இருப்பது ஒரே இனம். இரண்டு கால் இனம்.

"அத்தே!"

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாமியார் சென்னம்மா வாளியோடு ஓடி வந்தாள். அண்டாவை எட்டிப் பார்த்தாள். வாளியைப் போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அம்மா தல்லீ! அம்மனுக்கு எடுத்து வச்சத துன்னுட்டானுங்களே! எவன் கைடி அது? அந்தக் கை..."

"சாபம் அப்பறம் குடு. மொதல்ல சொல்லு, நீ துன்னியா?"

"நான் எப்படிறீ துன்றது? எனக்கு மொத்தமே நாலு பல்லுதான் கீது!"

சாட்சி பலமாக இருந்தது. கன்னிகா அவளைச் சந்தேகப் பட்டியலிலிருந்து விடுவித்தாள்.

இந்த உருண்டைகளுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? சொல்லிவிடலாம்.

கன்னிகாவின் புருஷன் கோகுலகிருஷ்ணன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் ஆள். கொடியில் காயும் சட்டைக்கும் அவனுக்கும் காற்றில் வித்தியாசம் தெரியாது. அப்படி ஒரு உடம்பு. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் மெடிக்கல் பாஸ் பண்ணவேண்டும். மெடிக்கலில் கம்பெனி டாக்டர் இரண்டு தடவை அவனைத் திருப்பி அனுப்பினார். "ஐம்பது கிலோ இல்லாத ஆளை அந்த மெஷின் பக்கத்துல நிறுத்த மாட்டேன். மெஷினுக்கே பாவமா இருக்கும்" என்றார்.

அன்றைக்குத்தான் கன்னிகா களத்தில் இறங்கினாள். சொந்த நிலத்து வேர்க்கடலையைப் பதமாக வறுத்துத் தோல் புடைத்தாள். எள், பாதாம், முந்திரி, பேரீச்சை, ஒரு துண்டு சுக்கு எல்லாம் சேர்த்து, சித்தூர் மண்டி வெல்லத்தில் கம்பிப் பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் உருட்டினாள். காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. அவன் வேண்டாம் என்றால் மூக்கைப் பிடித்து ஒன்று. மூன்றாவது மெடிக்கலில் கோகுல் ஐம்பத்தொன்று காட்டினான். டாக்டர் தராசைத் தட்டிப் பார்த்து, இன்னொரு தடவை ஏறச் சொல்லி, கடைசியில் கையைக் குலுக்கினார்.

இதுவரைக்கும் எல்லாம் சுபம். வம்பு எங்கே வந்தது என்றால், மருமகள் உருண்டை பிடித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் மாமியார் பொன்னியம்மனிடம் தனியாக ஒரு பேச்சுவார்த்தை நடத்தி முடித்திருந்தாள். 'என் புள்ள பாஸாயிட்டா, அவன் எந்த உருண்டையத் துன்னு தேறினானோ, அதே உருண்டைய அவன் எடைக்கு எடை உனக்கு நிறுத்துக் குடுக்கறேன் தல்லி. எங்க நெலத்துக் கடலையிலயே குடுக்கறேன். குடுத்துட்டுத்தான் அவன் வேலையில கால் வைப்பான்.'

எடைக்கு எடை! ஒரு ஆள் கனத்துக்குக் கடலை உருண்டை!

கன்னிகா ஒரு வாரம் உருட்டினாள். அம்மனுக்கு முன்னால் மனுஷ நாக்கு படக்கூடாது என்று வாயில் துணி கட்டிக்கொண்டு உருட்டினாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து வீங்கின. கோகுல் எடைக்கு மேலே மூன்று கிலோ தாராளமாகவே செய்து, அண்டாவில் அடுக்கி, மூடி வைத்தாள். நிலத்துக் கடலை மொத்தமும் தீர்ந்தது. விதைக்கு வைத்திருந்ததுகூட அண்டாவுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் துலாபாரம். திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் வரும். தராசு நேராகாவிட்டால் கோகுல் அந்த பஸ்ஸில் ஏற முடியாது. அவனுடைய சர்டிபிகேட் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைச் சென்னம்மா இடுப்பில் செருகிக்கொண்டாள். நேர்த்திக்கடன் முடிந்தால்தான் சாவி. அவன் சேராவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்தவனுக்கு.

அடுத்தவன் யார்?

"வதினா, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

வாசலில் எதிர்வீட்டு பாஸ்கர் நின்றிருந்தான். அண்ணி என்பதை அவன் தெலுங்கில் வதினா என்றுதான் சொல்வான்.

*

பாஸ்கரும் ஸ்ரீசிட்டி ஆள்தான். அவனும் மெடிக்கலில் விழுந்தவன்தான். உடம்பில் கோகுலுக்குத் தம்பி என்று சொல்லலாம். டாக்டர் அவனிடமும் ஐம்பதுதான் கேட்டிருந்தார். தினம் மத்தியானம் வந்து, அண்ணன் சௌக்கியமா என்று விசாரித்து, அண்டா இருக்கும் உள்ளறையில் பானைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவான். அவன் வீட்டில் பிரிட்ஜ் இருந்தது. ஆனாலும் பானைத் தண்ணீரின் ருசியே தனி என்பான்.

கன்னிகா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆளைப் பார்த்துத் திருடன் என்று சொல்ல முடியாது. அதற்குச் சாட்சி வேண்டும்.

மூளையில் பல்பு எரிந்தது.

கோகுல் மெடிக்கலுக்காக வாங்கிய எடை மெஷின் கட்டிலுக்கடியில் இருந்தது. ஏறி நின்றால் சிவப்பு எழுத்தில் கிராம் வரை சொல்லும் மெஷின். அன்று முதல் அது வாசற்படிக்கு வந்தது. உள்ளே வருகிறவர் ஏறிவிட்டு வரவேண்டும். வெளியே போகிறவர் ஏறிவிட்டுப் போகவேண்டும். ஏறின கனத்துக்கும் இறங்கின கனத்துக்கும் வித்தியாசம் இருந்தால், உருண்டை உடம்பிலோ மடியிலோ இருக்கிறது என்று அர்த்தம். தப்ப வழியே இல்லை!

ஊர் கொஞ்சம் குழம்பித்தான் போனது. பால் ஊற்ற வந்த பச்சையம்மாள் கேனோடு ஏறிவிட்டு, "இது இன்னாடி, சர்க்கார் திட்டமா? ஆதார் கார்டு எடுத்தாரணுமா?" என்றாள். ஒருத்தி, போகும்போது எடை கூடியிருக்கிறது என்று கன்னிகா மடக்கியதும் கண்ணில் தண்ணீர் விட்டாள். "காப்பி நீதானடி குடுத்தே!" அதுவும் உண்மைதான். குடிக்கக் கொடுத்ததைக் கழித்துப் பார்க்கவேண்டும் என்று கன்னிகா கற்றுக்கொண்டாள்.

"நீ ஏறு பாப்போம்" என்றாள் பச்சையம்மாள் ஒருநாள்.

"நான் எதுக்கு? நான் வீட்டாளு."

"ஊரையே ஏத்தறே, நீ ஏற மாட்டியா?"

"என் எடை எனக்குத் தெரியும். அது ஊருக்கு எதுக்கு?" கன்னிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாஸ்கர் மட்டும் சளைக்காமல் ஏறினான். உள்ளே போகும்போது ஒரு எண். தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வரும்போதும் அதே எண். பத்து கிராம் இப்படி அப்படி இல்லை.

"பாத்தியா வதினா? தங்கம்!" என்று பேண்ட் பாக்கெட்டைத் தட்டிக்கொண்டு போவான்.

அண்டாவும் அதற்குமேல் இறங்கவில்லை. மெஷினைப் பார்த்து எவனோ பயந்துவிட்டான். கன்னிகா நிம்மதியாக மூச்சு விட்டாள். மூன்று கிலோ கூடுதலாகச் செய்தது நல்லதாகப் போயிற்று. போனது போகட்டும், இருப்பது போதும்.

போதுமா?

ஒரு சந்தேகத்துக்கு, வாசலில் உட்கார்ந்திருந்த புருஷனைக் கூப்பிட்டு மெஷின்மேல் ஏற்றினாள்.

ஐம்பத்து நாலு!

"மாமா! இன்னா மாமா இது?"

"நீதான துன்னு துன்னுன்னு சொன்னே" என்றான் கோகுல். "வாய் பழகிப்போச்சு கன்னி. இப்ப நிறுத்தச் சொன்னா அது கேக்குதா?"

அந்த வீட்டில் அன்று ஒரு மகா மாற்றம் நடந்தது. இத்தனை மாதமாக ஒரு வாய் துன்னு நைனா என்று தட்டோடு மகன் பின்னால் ஓடிய சென்னம்மா, அன்று மகனைக் கண்டதும் தட்டைப் பின்னால் ஒளித்தாள். அடுக்களைக்குப் பூட்டு விழுந்தது. காலையில் கஞ்சித் தண்ணீர், மத்தியானம் மோர், ராத்திரி கடவுள் நாமம். கோகுல் வாயைத் திறந்தாலே இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொட்டாவிதான் வுட்டேன்."

"மெதுவா வுடு" என்றாள் சென்னம்மா. "உள்ள காத்து பூடப்போவுது. காத்தும் எடைதான்."

*

"ண்ணனுக்கு முடி எவ்ளோ கீது பாத்தீங்களா வதினா?"

வெள்ளிக்கிழமை பாஸ்கர்தான் இந்த யோசனையைக் கொண்டுவந்தான். உண்மையில் கோகுலுக்கு முடி காடு மாதிரி. "திருமலைக்குப் போயி மொட்ட போட்டுட்டு வந்தா அந்த எடை கொறஞ்சிடும் காதா? புண்ணியத்துக்குப் புண்ணியம். என் பைக்லயே கூட்டிக்கினு போயி, பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து வுட்டுர்றேன்."

சென்னம்மாவுக்குக் கண் கலங்கியது. "கூடப் பொறந்தவன்கூட இப்படி நெனைக்க மாட்டான்டி."

கன்னிகாவுக்கு எங்கேயோ உறுத்தியது. இந்த வேலை கோகுலுக்குக் கிடைக்காவிட்டால் பாஸ்கருக்குத்தானே? ஆனால் மெஷின் பொய் சொல்லுமா? தினம் அவனைத் தங்கம் என்றுதானே சொல்கிறது?

இரண்டு பேரும் பைக்கில் கிளம்பினார்கள். சாயங்காலம் திரும்பினார்கள். கோகுலின் மொட்டைத் தலையில் சந்தனம் குளிர்ச்சியாக மின்னியது. முகத்தில் ஒரு தெய்வீகமான திருப்தி.

அந்தத் திருப்திதான் கன்னிகாவை உசுப்பியது. பட்டினி கிடப்பவன் முகத்தில் திருப்திக்கு என்ன வேலை?

"ஏறு மாமா."

ஐம்பத்தஞ்சரை!

"முடி போயி எடை ஏறுமா?" கன்னிகாவின் குரல் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போனது.

"சந்தனம் வதினா" என்றான் பாஸ்கர் உடனே. "ஈரச் சந்தனம். கனம் ஜாஸ்தி."

கன்னிகா புருஷனை நெருங்கினாள். சட்டைக் காலரில் நெய்க் கறை. உதட்டு ஓரத்தில் சிவப்பாக ஏதோ. விரலால் தொட்டு மோந்தாள். பூண்டு. மிளகாய்.

"மாமா. என் கண்ணப் பாத்து சொல்லு."

மொட்டைத் தலை தாழ்ந்தது. "காரம் தோசை."

"எத்தினி?"

"மூணு."

"மாமா!"

"அஞ்சு. நெய் ஊத்தி. திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. வேணாம்னுதான் சொன்னேன், இவன்தான் ஆர்டர் சொல்லிக்கினே இருந்தான்."

கன்னிகா பாஸ்கர் பக்கம் திரும்பினாள். "ஏண்டா?"

"ண்ணன் மூஞ்சி வாடிக் கெடந்துது வதினா. பெத்த மனசு கேக்குமா?"

"நீயாடா பெத்தே?"

பாஸ்கர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டான். எதிர்வீட்டுக்குப் போக பைக் எதற்கு? அந்த அவசரத்தில் அவனுக்கே தெரியவில்லை.

எதிரி யார் என்பது கன்னிகாவுக்கு இப்போது தெரிந்துவிட்டது. உருண்டையைத் தொட்டது யார் என்பது மட்டும் தெரியவில்லை. தோசை வாங்கிக் கொடுத்தவன்தான் உருண்டையையும் எடுத்திருக்க வேண்டும். ஆனால் எப்படி? ஏறின எடையும் இறங்கின எடையும் ஒன்றாக இருக்கிறதே!

*

ஞாயிற்றுக்கிழமை காலை பொன்னியம்மன் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. பக்தி பாதி. ஆள் எடைக்குக் கடலை உருண்டை விநியோகம் என்ற செய்தி பாதி. நாகலாபுரத்திலிருந்துகூட நாலு ஆட்டோ வந்திருந்தது.

அந்தக் கோயில் தராசு பழைய கடலை மண்டியிலிருந்து வந்தது. மூட்டை மூட்டையாக நிறுத்த தராசு. மண்டியை மூடியபோது ஊரார் அதைக் கோயிலுக்கு எழுதி வைத்துவிட்டார்கள். மண்டபத்து விட்டத்தில் இரும்புச் சங்கிலி, இரண்டு பக்கமும் ஆள் உட்காரும் பலகைத் தட்டு, நடுவில் கை நீளத்துக்கு ஒரு முள். பூசாரி ஏழுமலை அந்த முள்ளுக்குக் குங்குமம் வைத்திருந்தார்.

"முள்ளு நேரா நிக்கணும்" என்று அறிவித்தார். "ஒரு மயிரிழ சாஞ்சாலும் அம்மா வாங்க மாட்டா. அப்பறம் என்னக் கேக்கக் கூடாது."

கோகுல் இடுப்பில் ஒரு வேட்டியோடு தட்டில் ஏறினான். மோதிரம், அரைஞாண், கையில் கட்டியிருந்த கயிறு எல்லாவற்றையும் சென்னம்மா உருவிவிட்டாள். நேற்று முழுக்க அவனுக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் காட்டவில்லை. எதிர்த்தட்டில் அண்டாவைச் சாய்த்தார்கள்.

உருண்டைகள் மளமளவென்று சரிந்தன. வெல்ல வாசனை எழுந்தது. கூட்டம் ஒரே குரலில் எச்சில் விழுங்கியது.

அடுத்த நொடி...

டொக். டொக். டொகடொகடொக்.

கடைசியில் விழுந்தவை கடலை உருண்டைகள் இல்லை. கருங்கல். ரோடு போட வைத்திருக்கும் ஜல்லிக் கல்!

"அம்மா தல்லீ!" சென்னம்மா அலறினாள். "உருண்ட கல்லாப் பூடுச்சே! கோவம் வந்துடுச்சா உனுக்கு?"

நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி சாமி ஆடவே ஆரம்பித்துவிட்டாள். அற்புதம் என்று ஒரு கட்சி, பாகு முற்றிப்போய்விட்டது என்று இன்னொரு கட்சி. பச்சையம்மாள் ஒரு ஜல்லியை எடுத்துக் கடித்தே பார்த்தாள்.

கன்னிகா மட்டும் அசையவில்லை. அவள் பார்வை ஜல்லியிலிருந்து கூட்டத்துக்குப் போனது. கூட்டத்தில் கடைசி வரிசைக்கு. கடைசி வரிசையில் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்த ஒரு பேண்ட்டுக்கு.

ஏறின எடை. இறங்கின எடை. இரண்டும் ஒன்று.

எப்படி ஒன்றாகும்? அவன் உள்ளே போனது தண்ணீர் குடிக்க! காப்பி குடித்தவள் கனம் கூடித்தானே வெளியே வந்தாள்? தினம் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தவன் மட்டும் பத்து கிராம்கூட ஏறாமல் எப்படிப் போனான்?

"பிடிங்க அவன!"

பாஸ்கரை நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். தூக்க லேசாக இல்லை. ஆள் முன்னைப்போல் இல்லை என்று தூக்கியவர்கள் பிற்பாடு சொன்னார்கள். கன்னிகா அவனுடைய பேண்ட் பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்தாள். இரண்டும் கல் கிழித்த ஓட்டையோடு தொங்கின. ஒரு ஓரத்தில் எள் ஒட்டியிருந்தது.

"வரும்போது பாக்கெட் நெறய கல்லு, அது அண்டாவுக்கு அடியில. போவும்போது பாக்கெட் நெறய உருண்ட. வீட்லயே நிறுத்துப் பாத்து எடுத்தாந்தியாடா?"

"அம்மாவோட காய்கறி தராசு" என்றான் பாஸ்கர். பொய் சொல்லும் தெம்பு அவனிடம் இல்லை. "மெஷின் வச்ச பின்னாடிதான் வதினா கல்லு. அதுக்கு முன்னாடி சும்மாதான் எடுத்துக்கினு போனேன்."

"துன்னதெல்லாம் எங்கடா?"

பாஸ்கர் தன் வயிற்றைத் தடவிக் காட்டினான். "அம்பதைத் தாண்டிட்டேன்" என்றான். அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை எட்டிப்பார்த்தது.

அடிக்க வந்தவர்களைக் கன்னிகா தடுத்தாள். அடித்து என்ன ஆகப்போகிறது? கல்லைப் பொறுக்கி எடுத்த பிறகு உருண்டைத் தட்டு அந்தரத்தில் தொங்கியது. கோகுலின் தட்டு தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அஞ்சு நெய் தோசை அவன் பக்கம். எதிர்ப்பக்கம் ஓட்டை. நிலத்தில் ஒரு கடலை மிச்சமில்லை. நாளைக்குக் காலையில் பஸ். மாமியார் இடுப்பில் சாவி.

மொட்டைத் தலையோடு புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்தபோது பார்த்த அதே பார்வை.

கன்னிகா சேலையை இடுப்பில் சொருகினாள்.

"பூசாரி மாமா, ஒண்ணு கேக்கறேன். அம்மனுக்கு நேந்த உருண்ட எங்க இருந்தாலும் அது அம்மனுதுதான?"

"அம்மனுதுதான்."

"அண்டாவுல இருந்தாலும்?"

"அண்டாவுல இருந்தாலும்."

"இவன் வயித்துல இருந்தாலும்?"

ஏழுமலை தாடையைச் சொறிந்தார். இப்படி ஒரு வழக்கு அவருடைய பூசாரித்தனத்தில் வந்ததே இல்லை. "வயித்துல இருந்தாலும்..." என்று இழுத்தவர், கூட்டம் தன்னையே பார்ப்பதைக் கண்டு நிமிர்ந்தார். "வயித்துல இருந்தாலும் அம்மனுதுதான்!"

"அப்ப ஏறுடா!"

பாஸ்கர் உருண்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தான். சங்கிலி கிறீச்சிட்டது. உருண்டைத் தட்டு தடாலென்று தரையில் இறங்கியது. கோகுல் விருட்டென்று மேலே போய், விட்டத்தில் தொங்கிய மணியில் மொட்டைத் தலையை மோதினான். மணி கணீரென்று ஒலித்தது. கூட்டம் கைகூப்பியது.

"இப்ப இந்தப் பக்கம் கனம் ஜாஸ்தி" என்றார் ஏழுமலை. "முள்ளு நேரா நிக்கணும்னு சொன்னேன் இல்ல?"

"புருஷன் பொண்டாட்டி ஒண்ணுதான மாமா?"

"ஒண்ணுதான். ஏன்?"

கன்னிகா திரும்பினாள். கோகுலின் தட்டைப் பார்த்தாள். ஊரைப் பார்த்தாள். இத்தனை நாளும் தன் வாசலில் தான் ஏற்றி இறக்கிய அத்தனை முகமும் அங்கே இருந்தது. பச்சையம்மாள் முதல் வரிசையில் நின்று, மெல்லச் சிரித்தாள்.

"ஏறுடி வீட்டாளு" என்றாள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு கன்னிகா ஏறினாள்.

சங்கிலி முனகியது. கோகுலும் அவளும் இருந்த தட்டு மெதுவாக இறங்கியது. எதிர்த்தட்டு மெதுவாக எழுந்தது. முள் ஆடி ஆடி வந்து, நேராவதற்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிட்டது. பாஸ்கர் பக்கம் இன்னும் கொஞ்சம் கனம்.

"அம்மாடியோ, சரியாப்போச்சுன்னு பாத்தேன்" என்றாள் சென்னம்மா. "அவன் சட்டையக் கழட்டுங்கடா!"

கழற்றினார்கள். முள் அசையவில்லை.

"மாமா" என்றாள் கன்னிகா பூசாரியிடம், கண்ணைத் திறக்காமலே. "கற்பூரம் காட்டிடுங்க."

"முள்ளு இன்னும்..."

"காட்டுங்க. காட்டிட்டா அது பிரசாதம். பிரசாதத்த யாரு வேணும்னாலும் துன்னலாம் இல்ல?"

ஏழுமலைக்குப் புரிவதற்கு முன்னால் கோகுலுக்குப் புரிந்துவிட்டது. பட்டினி மனுஷனின் புத்தியை அப்படித் தீட்டிவிடும். கற்பூரம் எரிந்து அணைந்ததும் அவன் கை சங்கிலியைத் தாண்டி எதிர்த்தட்டுக்கு நீண்டது. ஒரு உருண்டை. கடக். அந்தத் தட்டில் ஒரு உருண்டை குறைந்தது. இந்தத் தட்டில் ஒரு உருண்டை கூடியது. முள் அசைந்தது!

"துன்னு நைனா!" சென்னம்மா கத்தினாள். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த தாய்ப்பாசம் மொத்தமும் அந்தக் குரலில் வந்தது. "துன்னுடா என் ராஜா!"

ஊரே எண்ண ஆரம்பித்தது. கோகுல் மென்றான். கன்னிகாவும் ஒன்றை எடுத்தாள். ஒரு வாரம் வாயில் துணி கட்டிக்கொண்டு உருட்டியவள், தன் கைப்பக்குவத்தை அன்றுதான் ருசி பார்த்தாள். பாகு சரியாக வந்திருந்தது. சுக்கு ஒரு துளி தூக்கல். பாஸ்கர் தானாகவே கைக்கு எட்டும் உருண்டையாகப் பொறுக்கி நீட்டினான். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் இறங்கலாம் என்பது அவன் கணக்கு.

"மெல்லத் துன்னுங்க, மெல்ல... இன்னும் ஒண்ணு... பாதி... நிறுத்து! மென்னது போதும், முழுங்கு!"

முள் நேராக நின்றது. குங்குமப் பொட்டு நட்ட நடுவில்.

மேளம் முழங்கியது. சென்னம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மகன் மடியில் போட்டாள். சாவியின் கனத்தில் முள் லேசாகச் சாய்ந்தது. பூசாரி பெருந்தன்மையாக வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

கோகுலும் கன்னிகாவும் இறங்கினார்கள். பாஸ்கரும் ஒரு காலை எடுத்துக் கீழே வைத்தான்.

"நீ எங்க இறங்கறே?" என்றார் ஏழுமலை. "அந்தத் தட்டுல ஏறினது எல்லாம் அம்மனுக்கு."

*

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் வந்தது. கோகுலகிருஷ்ணன் சர்டிபிகேட் பையோடு ஏறினான். மொட்டைத் தலை ஜன்னலில் தெரியும்வரை கன்னிகா கையாட்டினாள்.

பஸ் திரும்பியதும் பாஸ்கரின் அம்மா சுமித்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கன்னிகா, நீதான்டி என்னக் காப்பாத்தணும். கோயில் பெருக்கறான், பூப் பறிக்கறான், ராத்திரி மண்டபத்துலயே படுத்துக்கறான். அம்மன் சொத்துன்னு வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்கறாரு பூசாரி. மீட்டுக்கணும்னா அவன் எடைக்கு எடை உருண்ட குடுக்கணுமாம். எங்க நெலத்துக் கடலை தரேன். உருட்டிக் குடுக்கறியா?"

"உருட்டறேன்கா."

"எடை ஏறாம இருக்கணும்னு அவன் நேத்துலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம கெடக்கறான். ஆனா அடுத்த மாசம் மெடிக்கல். அதுக்கு அம்பது வேணுமாமே. இப்படிக் கெடந்தா மறுபடியும் விழுந்துடுவான். எனக்கு ஒண்ணுமே புரியலடி."

கன்னிகாவுக்குப் புரிந்தது.

மத்தியானம் அவள் கோயிலுக்குப் போனபோது பாஸ்கர் மண்டபத்தில் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தான். கன்னம் அதற்குள் ஒட்டிப்போயிருந்தது. அவள் அடுக்கு டிபன் கேரியரைக் கீழே வைத்துத் திறந்தாள். முதல் அடுக்கில் நெய் வழியும் காரம் தோசை. இரண்டாவது அடுக்கிலும் அதுதான். மூன்றாவதில் கெட்டித் தயிர்.

"துன்னு தம்பி" என்றாள் பாசமாக. "மூஞ்சி வாடிப்போச்சு. பெத்த மனசு கேக்குமா?"

பாஸ்கர் தோசையைப் பார்த்தான். தராசைப் பார்த்தான். மறுபடி தோசையைப் பார்த்தான். அவன் கை மெல்ல நீண்டது.

"இரு" என்றாள் கன்னிகா. இன்னொரு பையிலிருந்து எடை மெஷினை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "மொதல்ல இதுல ஏறு. பாக்கெட்ல கீறதெல்லாம் வெளிய போட்டுட்டு."